கிழக்கு பார்த்த ரசமட்டம்

எங்கள் மில்லில் போன மாதம் மட்டம் பார்க்கப் புது லெவல் ஒன்று வாங்கியிருக்கிறார்கள். கண்ணாடிக் குழலும் கிடையாது, குமிழியும் கிடையாது. வைத்தால் எண் காட்டும். மட்டம் சரியாக இருந்தால் 'கீக்' என்று சத்தம் வேறு போடுமாம். இப்போது அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகள் அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். கூடவே அலமாரியில் கிடந்த பழைய லெவலையும் படம் எடுத்துப் போட்டு, "அண்ணாச்சி, இதுல உள்ள கோட்டுக்கெல்லாம் என்ன அர்த்தம்? சும்மா அழகுக்கா?" என்று என்னைக் கேட்டிருந்தார்கள்.

அழகுக்காம்! அந்த அழகால் என் தலை தீபாவளி போகப் பார்த்தது, என் வேலை போகப் பார்த்தது, ஒரு நல்ல மனிதரின் பேர் போகப் பார்த்தது. பதில் அடிக்கலாம் என்று போனை எடுத்தால் கட்டைவிரல் வலித்ததுதான் மிச்சம். பாதியில் எங்கேயோ கை பட்டு அடித்ததெல்லாம் அழிந்தும் போயிற்று. அதனால் பேனாவை எடுத்துவிட்டேன். வாசிக்கப் பொறுமை இல்லாதவர்கள் அந்தக் 'கீக்'கையே கேட்டுக்கொண்டு இருக்கலாம்.

நான் தேவதானத்துக்காரன். வயல்காட்டுக் குடும்பம். அண்ணன் பட்டாளத்துக்குப் போனான், தம்பி போலீசுக்குப் போனான். எனக்கு இரண்டு இடத்திலும் நெஞ்சளவு பத்தவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது இடத்தில் மூச்சை இழுத்துப் பிடித்து நின்றதில் மயக்கம் போட்டே விழுந்தேன். கடைசியில் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் பிட்டராகச் சேர்ந்தேன். நெஞ்சை அளக்காமல் என்னைச் சேர்த்துக்கொண்ட ஒரே இடம் அதுதான்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. டீ வாங்கி வந்தேன், ஸ்பானர் எடுத்துக் கொடுத்தேன், எடுத்துக் கொடுத்தது வேறு ஸ்பானர் என்று திட்டு வாங்கினேன். புது இயந்திரங்களைப் பிரித்து நிறுத்தும் எரெக்‌ஷன் பிரிவுக்கு மாற்றிய பிறகுதான் வேலை என்பது என்னவென்று தெரிந்தது. அங்கே எனக்கு மேலே இருந்தவர் போர்மேன் பூபதிராஜா.

வெள்ளைச் சட்டை போட்டுத்தான் வேலைக்கு வருவார். சாயந்திரம் வீட்டுக்குப் போகும்போதும் அது வெள்ளையாகவே இருக்கும். நாங்கள் காலை எட்டரைக்கே கறுத்துவிடுவோம். அவருக்கு வீட்டில் தெலுங்கு, மில்லில் தமிழ். கோபம் வந்தால் மட்டும் வீட்டு பாஷை மில்லுக்கு வந்துவிடும். அவர் 'ஏமிரா' என்று ஆரம்பித்தால் நாங்கள் ஆளுக்கொரு தூணுக்குப் பின்னால் போய்விடுவோம்.

அவரிடம் ஒரு லெவல் இருந்தது. கொத்தனார்கள் ரசமட்டம் என்று சொல்வார்களே, அதே சாமான்தான்; ஆனால் சீமையிலிருந்து வந்தது, ஒரு சாண் நீளம், நல்ல கனம். மரப்பெட்டிக்குள் வெல்வெட் துணியில் படுத்திருக்கும். அதை எடுப்பதற்கு அவர் வைத்திருந்த முறை இது. முதலில் கையைக் கழுவித் துடைக்க வேண்டும். லெவலின் அடிப்பக்கத்தை மல் துணியால் துடைத்து, பிறகு உள்ளங்கையால் ஒரு தடவு தடவ வேண்டும். வைக்கும் இடத்தையும் அப்படியே. வைத்தபின் கையை எடுத்துவிட்டு மனசுக்குள் நூறு எண்ண வேண்டும். அதற்குள் கிட்டே போய் மூச்சு விடக் கூடாது. மூச்சுச் சூடு பட்டால் உள்ளே இருக்கும் திரவம் விரியும், குமிழி சுருங்கும். அதனால் குமிழியின் ஒரு முனையை மட்டும் பார்த்துக் கணக்குச் சொல்லக் கூடாது, இரண்டு முனையையும் பார்க்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு லெவலைத் தூக்கி முனை மாற்றித் திருப்பி வைத்து மறுபடியும் நூறு எண்ண வேண்டும். இரண்டு தடவையும் ஒரே பக்கத்தைக் காட்டினால் லெவல் நிஜம் பேசுகிறது. தடவைக்கொரு பக்கம் காட்டினால் தப்பு லெவலில் இருக்கிறது.

இனி கோடுகள். குழலின் நடுவில் நீளமாக இரண்டு கோடு இருக்கும். குமிழி அந்த இரண்டுக்கும் நடுவே நின்றால் மட்டம். அதற்கு வெளியே இரண்டு பக்கமும் சின்னச் சின்னக் கோடுகள். ஓரத்தில் 0.02 என்று எழுதியிருக்கும். அது விலையோ, செய்த வருடமோ இல்லை. குமிழி ஒரு கோடு நகர்ந்தால், ஒரு மீட்டர் தூரத்தில் ஒரு மில்லிமீட்டரை ஐம்பதாகப் பிரித்து அதில் ஒரு பங்கு உயரம் கூடியிருக்கிறது என்று அர்த்தம். முக்கியமானது இன்னொன்று. குமிழி ஓடுகிற பக்கம் மேடு. தண்ணீர்தான் பள்ளத்துக்கு ஓடும். குமிழி காற்று, அது மேலேதான் ஏறும்.

இது தெரியாமல் முதல் நாள் நான் குமிழி ஓடிய பக்கம் பள்ளம் என்று நினைத்து, அந்தப் பக்கமே தகடு தகடாகச் சொருகிக்கொண்டிருந்தேன். போர்மேன் பின்னால் நின்று அரைமணி நேரம் பார்த்தார். கடைசியில், "ஏமிரா, மெஷின ஓட்டப் போறியா, பறக்க விடப் போறியா?" என்றார். 'ஏமிரா' வந்துவிட்டது. ஆனால் போய் நிற்கப் பக்கத்தில் தூண் இல்லை.

நான் இன்னும் நிரந்தரம் ஆகாத அந்த வருடத்தில் மில்லில் புதுக் கட்டடம் எழும்பியது. அதற்குத் தளம் போட ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சங்கையா கொத்தனார் வந்தார். தளம் போட வந்த மனிதர் போகிற போக்கில் என்னைப் பார்த்து, சாதி சனம் விசாரித்து, ஆவணியில் தன் மகள் முத்துலட்சுமியை எனக்குக் கட்டிக் கொடுத்துவிட்டார். நெஞ்சளவை அவரும் கேட்கவில்லை. ஆக, தளம் மாமனாருடையது, அதன் மேல் மெஷினை நிறுத்த வேண்டியது மருமகன். ஊரே எங்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டது.

ஆயுத பூஜை வந்தது. புது மாப்பிள்ளை என்பதால் எனக்கு அந்த வருடம் பக்தி கொஞ்சம் கூடுதல். சாமானுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைக்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன். போன வருடம் வைத்த பொட்டெல்லாம் மெஷின் அதிர்வில் மறுநாளே உதிர்ந்துவிட்டது என்று குறை இருந்தது. நான் மூளையைச் செலவழித்து, நூல் பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிற பசையில் கொஞ்சம் எடுத்துச் சந்தனத்தில் குழைத்தேன். அதில் பொட்டு வைத்தால் மெஷின் போனாலும் பொட்டு போகாது. ஸ்பானர், சுத்தியல், ஏணி, டீ கேன் என்று ஒன்றையும் விடவில்லை. சீமை லெவலுக்கு மேலே ஒரு முனையில் பொட்டு வைத்தேன். இவ்வளவு பெரிய சாமானுக்கு ஒரே ஒரு பொட்டா என்று மனசு கேட்கவில்லை. புரட்டிப் போட்டு அதே முனையில் அடியிலும் ஒன்று வைத்தேன்.

மறுநாள் விஜயதசமி. நல்ல நாளில் தொடங்கலாம் என்று போர்மேன் புதுத் தளத்தை அளக்க ஆரம்பித்தார். நான் துணியால் லெவலின் அடியைத் துடைத்தேன். பொட்டு துணியோடு வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். மேலே இருந்த பொட்டை அவர் துடைக்க விடவில்லை.

"நல்ல நாளும் அதுவுமா பொட்டு கிழக்க பாத்தே இருக்கட்டும். இன்னிக்கி திருப்ப வேண்டாம்" என்றார். "நேத்து பூசைக்கு முன்னாலதான திருப்பிப் பாத்தோம்."

அவர் தன் வேலைக்காலத்தில் அந்த முறையை விட்டது எனக்குத் தெரிந்து அன்று ஒரு நாள்தான்.

இரண்டு மீட்டர் நீள இரும்புச் சட்டத்தைத் தளத்தில் வைத்து, அதன் மேல் லெவலைக் கிழக்கு பார்த்து வைத்தோம். குமிழி கிழக்கு ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. சட்டத்தின் மேற்கு முனைக்கு அடியில் அளவுத் தகடு சொருகினோம். அரை மில்லி சொருகியதும் குமிழி நடுவுக்கு வந்தது. சட்டத்தை நகர்த்தி அடுத்த இரண்டு மீட்டர். அங்கேயும் அரை மில்லி. இப்படிப் பத்து இடம், இருபது மீட்டர். கூட்டினால் மேற்கே ஐந்து மில்லி சரிவு. மூன்று மில்லிக்கு மேல் போனால் தளத்தை உடைத்துப் போட வேண்டும் என்று மெஷின் கொடுத்தவர்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

மாமாவுக்கு ஆள் போயிற்று. சைக்கிளில் டியூபைச் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும், கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் டியூப்தான். உள்ளே தண்ணீர், பார்வைக்குத் தெரிய அதில் இரண்டு சொட்டு நீலம். ஒரு முனையைத் தளத்தின் கிழக்கே பிடிக்கச் சொல்லி, மறு முனையோடு மேற்கே போய்க் குனிந்து பார்த்தார். ஒரு மில்லி வித்தியாசம்கூட இல்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஏன் மாப்ளே, பத்து எடத்துலயும் ஒண்ணுபோல அரை மில்லியா? குடிச்சிட்டுப் போட்டாக்கூட இம்புட்டு ஒழுங்கா ஒருத்தன் தளத்தச் சரிக்க முடியுமா? அதுவும் மேற்க பாத்து? மலை மேற்க இருக்கு. இந்த ஊர்ல எச்சி துப்புனாக்கூட கெழக்கதான ஓடும்!"

"கொத்தனாரே, ஒங்க டியூப்புக்குள்ள காத்து இருக்கும்" என்றார் போர்மேன்.

"ஒங்க குமிழிக்குள்ளயும் காத்துதான இருக்கு?"

போர்மேன் வாயில் தெலுங்கு எட்டிப் பார்த்தது. நான் தூண் தேடினேன். மறுபடியும் அளந்தார்கள், மறுபடியும் பொட்டு கிழக்கு பார்த்தபடியே. அதே ஐந்து மில்லி. சீமைச் சாமானுக்கு எதிரே சைக்கிளில் வந்த டியூப் எடுபடுமா? தீபாவளிக்கு முந்தின திங்கட்கிழமை தளத்தை உடைத்துவிடுவது என்று மேனேஜர் சொல்லிவிட்டார். செய்தி ஒரே நாளில் எல்லா மில் வாசலுக்கும் போய்விட்டது. சரிந்த தளம் போட்டவர் என்று பேர் வந்துவிட்டால் அந்தக் கொத்தனாரை அப்புறம் எந்த மில்லிலும் கூப்பிட மாட்டார்கள்.

தலை தீபாவளிக்கு அழைக்க மாமனார் நேரில் வருவது வழக்கம். அவர் வரவில்லை. வெற்றிலை பாக்கும் வரவில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டில் சாம்பார் தட்டை விட்டு வழிந்து என் மடிக்கு வந்தது. குனிந்து பார்த்தால், தட்டின் ஒரு பக்கத்துக்கு அடியில் ஓட்டாஞ்சில்லு ஒன்று வைக்கப்பட்டிருந்தது.

"என்ன இது?"

"தட்டு சரியாத்தான் இருக்கு" என்றாள் முத்துலட்சுமி. "தரைதான் மேற்க சரிஞ்சிருக்கும். எங்கப்பா போட்ட தரையோ என்னமோ. ஒங்க சாமான வச்சுப் பாத்துட்டுச் சாப்பிடுங்க."

"அளந்தது நான் இல்ல, போர்மேன்."

"அவிய அளக்கயில நீங்க என்ன பண்ணிக்கிட்டு இருந்தீக?"

துடைத்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. தட்டுக்கு அடியில் இருந்த சில்லை உருவிக் கையில் வைத்துப் பார்த்தேன். துடைத்தேன், சரி. எதைத் துடைத்தேன்?

சனிக்கிழமை மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன பிறகு புதுக் கட்டடத்துக்குள் தனியாகப் போனேன். லெவலை எடுத்துச் சட்டத்தின் மேல் கிழக்கு பார்த்து வைத்தேன். குமிழி கிழக்கே ஓடியது. கன்னத்தில் இரண்டு போட்டுக்கொண்டு, சாமிப் பொட்டை மேற்கே திருப்பி வைத்தேன். நூறு எண்ணுவதற்கு முன்னாலேயே குமிழி மேற்கே ஓடிப் போயிற்று. புரட்டிப் போட்டு நகத்தால் தடவிப் பார்த்தேன். அடிமுனையில் வழவழவென்று ஒரு படலம். தலைமுடி கனம்கூடத் தேறாது. என் பசைதான். ஒரு சாண் சாமானுக்கு அடியில் அந்தத் தலைமுடி கனம், இருபது மீட்டரில் ஐந்து மில்லியாக வளர்ந்து என் மாமனார் தலையில் உட்கார்ந்திருக்கிறது.

அப்போதே ஓடிப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என் நிரந்தர உத்தரவு மேனேஜர் மேஜையில் கையெழுத்துக்குக் கிடந்தது. சீமை லெவலுக்கு அடியில் பசை தடவியவனுக்கு யார் கையெழுத்துப் போடுவார்கள்? சுரண்டிவிட்டுச் சும்மா இருக்கலாமா என்று யோசித்தேன். எல்லாரும் உடைக்க மட்டும்தான் வருவார்கள், மறுபடி அளக்க யார் வருவார்கள் என்று இருந்தது. அதனால் சுரண்டவும் இல்லை. கோழை என்றால் நான்தான் கோழை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன். முத்துலட்சுமி ஓமத் தண்ணீர் கொடுத்தாள். கோபத்திலும் கொடுத்தாளே என்று இன்னும் கஷ்டமாகிவிட்டது.

திங்கட்கிழமை காலையில் கடப்பாரையோடு நான்கு பேர் நின்றார்கள். மேனேஜர் நின்றார். போர்மேன் வெள்ளைச் சட்டையில் நின்றார். மாமா ஓரமாக டியூபைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு தன் தளத்தைப் பார்த்தபடி நின்றார். முதல் ஆள் கடப்பாரையை ஓங்கினான்.

"செத்த நேரம் பொறுங்க!" என்று கத்திவிட்டேன். "சார், லெவல மட்டும் ஒரு தடவ திருப்பி வச்சுப் பாத்துருங்க."

"பொட்டு மேற்க போயிருமேரா" என்றார் போர்மேன். ஆனால் அவர் சொல்லிக் கொடுத்த முறையை அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். அவர் முகம் மாறியது. தானே போய்ச் சட்டத்தை வைத்தார், லெவலை வைத்தார், நூறு எண்ணினார், திருப்பினார். குமிழி மேற்கே ஓடியதை எல்லாரும் பார்த்தோம். லெவலைப் புரட்டி உள்ளங்கையால் தடவியவர், அந்தக் கையை எடுக்காமல் அப்படியே நின்றார்.

"என்னது அது?" என்றார் மேனேஜர்.

"சந்தனம் சார்" என்றார் போர்மேன்.

"லெவலுக்கு அடியில பொட்டு வச்சவன் யாரு? எவனா இருந்தாலும் இன்னையோட அவன் சீட்டக் கிழிச்சிருவேன்."

திருப்பினால் போதும், யார் வைத்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள் என்று நம்பித்தான் நான் கத்தியது. இப்போது நாக்கு மேல்வாயில் ஒட்டிக்கொண்டது. அந்தப் பசைக்கு அவ்வளவு பிடிமானம் இருந்திருக்காது.

"நான்தான் சார் வச்சேன்" என்று ஒரு குரல் கேட்டது. மாமா!

மேனேஜர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீங்களா? ஒங்க தளத்தயே தப்புன்னு காட்டுறதுக்கு நீங்களே பொட்டு வச்சீங்களா?"

"பூசை அன்னைக்குப் பொரி வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன் சார். இந்தச் சாமான் மட்டும் அடியில பொட்டில்லாம கெடந்துச்சு. பாவமா இருந்துச்சு."

"எந்த எடத்துல வச்சீங்க?"

"நடுவுல சார்."

"முனையில இருக்கு" என்றார் போர்மேன்.

"அப்பம் நகந்திருக்கும்" என்றார் மாமா, கொஞ்சமும் கூசாமல்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "பொய் சார்! வச்சது நான். பசை போட்டுக் கொழச்சதும் நான். சனிக்கெழமையே எனக்குத் தெரியும்" என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். கேட்காததையும் சொன்னேன். டீ கேனுக்குப் பொட்டு வைத்ததைக்கூடச் சொன்னேன்.

போர்மேன் தொண்டையைச் செருமினார். "கிழக்க பாத்தே வைக்கணும்னு சொன்னது நான் சார். திருப்பிப் பாத்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். சீட்டக் கிழிக்கணும்னா மொதல்ல என்னுதுல இருந்து ஆரம்பிங்க."

மேனேஜர் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கடப்பாரைக்காரன் ஓங்கிய கையோடு, "சார், இப்பம் ஒடைக்கணுமா வேண்டாமா?" என்று கேட்டான்.

"என் மண்டைய ஒடைங்க!" என்று சொல்லிவிட்டு மேனேஜர் போய்விட்டார். எங்கள் மூவரில் யார் சீட்டும் கிழியவில்லை. என் உத்தரவில் கையெழுத்து மட்டும் தை மாதம் வரை தள்ளிப் போயிற்று. போர்மேன் மண்ணெண்ணெய்த் துணியால் லெவலை அவரே துடைத்து வைத்தார். என்னிடம் ஒரு வாரம் தமிழிலும் பேசவில்லை, தெலுங்கிலும் பேசவில்லை.

மாமா அன்றைக்கே மில் வாசலில் வைத்து வெற்றிலை பாக்குக் கொடுத்து எங்களைத் தீபாவளிக்கு அழைத்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் எண்ணெய்க் குளியல் முடிந்து, புது வேட்டி கட்டி, பலகாரத் தட்டோடு எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் முத்துலட்சுமி கேட்டாள்.

"ஏப்பா, உம்ம பேரு போச்சேன்னு பதினஞ்சு நாளா சோறு எறங்காம கெடந்தீரு. பேரு திரும்பி வந்த அடுத்த நிமிசமே நான்தான் வச்சேன்னு ஏன் சொன்னீரு?"

மாமா முறுக்கை நிதானமாக மென்று முடித்தார்.

"ஏட்டி, தளம் போனா இன்னொரு தளம் போட்டுக்கிடுவேன். இங்க பேரு போனா கான்சாபுரம் பக்கம் போயி மாட்டுத் தொழுவத்துக்குத் தளம் போட்டுப் பொழச்சுக்கிடுவேன். மாப்ளைக்கு வேலை போச்சுன்னா நீ பெட்டியத் தூக்கிக்கிட்டு இங்கல்லா வருவ? கல்யாணத்துக்கு முன்ன ஒங்கிட்ட எம்புட்டுப் பாடு பட்டேன்னு எனக்குல்லா தெரியும்!"

வீடே சிரித்தது. முத்துலட்சுமி ஒரு அதிரசத்தை எடுத்து அவர் மேல் எறிந்தாள். நான் எழுந்து போய் அவர் காலில் விழுந்தேன். தீபாவளி அன்று மாப்பிள்ளை விழுவது வழக்கம்தானே என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.